பொன்னுராஜை எழுப்புகிற வேலை

என் தம்பி பொன்னுராஜைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கென்றே கர்த்தர் என்னை இந்த உலகத்துக்கு அனுப்பினார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வேறு எந்தக் காரியத்தையும் அவர் என்னிடம் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை. நான் கல்யாணமாகிப் போன சூட்டிலேயே தாலியை இழந்து ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அன்றைக்கு எழுப்ப ஆரம்பித்தேன். அவனுக்கு மீசை முளைத்தது, ஜின்னிங் பாக்டரியில் பருத்தி எடை போடுகிற வேலை கிடைத்தது. நான் இன்னும் எழுப்பிக்கொண்டே இருந்தேன்.

பாக்டரியில் காலையில் இரண்டு சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு ஊர் எழுந்திருக்கும். பொன்னுராஜ் புரண்டு படுப்பான். ரெண்டாம் சங்கு ஊதினால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் அவன் வேட்டியைத் தேடுவான். இரண்டு சங்குக்கும் நடுவே உள்ள நேரம் முழுக்க என் தொண்டைக்கு வேலை.

"ஏலே, எந்திரி!"

"எந்திச்சிட்டேன்க்கா."

கண் மூடித்தான் இருக்கும். குறட்டைகூட நிற்காது. தூங்கிக்கொண்டே மரியாதையாகப் பதில் சொல்லுகிற வித்தையை எங்கே படித்தானோ தெரியாது. போர்வையை உருவினால் பாயைச் சுருட்டிக்கொண்டு படுப்பான். பாயை உருவினால் வெறுந்தரையில் இன்னும் சுகமாகத் தூங்குவான். தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் ஊற்றினால், "மழையாக்கா?" என்பான்.

திட்டுவதற்கு அவனிடம் வேறு குற்றமே கிடையாது என்பது இன்னும் பெரிய எரிச்சல். குடி இல்லை, சீட்டு இல்லை, எதிர்த்து ஒரு சொல் கிடையாது. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து என் கையில் வைப்பான். வருஷப் பிறப்பு ஆராதனையில் கண்ணில் நீர் தளும்ப, இனி அதிகாலையில் எழுந்து ஜெபம் பண்ணுவேன் என்று தீர்மானம் எடுப்பான். ஆராதனை முடிந்த களைப்பில் மறுநாள் மத்தியானம் வரை தூங்குவான். மதுரைக்குப் போனவர்களிடம் சொல்லி ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி அவன் தலைமாட்டில் வைத்தேன். அது அடித்தது. நான் எழுந்தேன், பக்கத்து வீட்டு அருளப்பண்ணாச்சி எழுந்தார், அவர் வீட்டு ஆடு எழுந்தது. இவன் எழவில்லை.

அருளப்பண்ணாச்சி எழுந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் தம்பி யாரோ பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் உத்தரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே கூரை இரண்டு வீட்டுக்கும் பொது. இந்தப் பக்கம் நான் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் அண்ணாச்சி தும்முவார். நான் பொன்னுராஜைத் திட்டுகிற திட்டெல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான் விழும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு நாள், யாரையும் எழுப்பாமல், நான்பாட்டுக்குக் கிடக்க வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான். இந்த வேலையை ஒருத்தி கையில் ஒப்படைக்க வேண்டும். அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிட வேண்டும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தோம். மிஷன் போர்டிங் பெண்பிள்ளைகள் ஒரு பூசணிக்காயைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைத்தார்கள். அதைத் தூக்கிக் காட்டியவள் போர்டிங்கில் அவர்களோடு தங்கிப் பாடம் சொல்லிக் கொடுக்கிற அமிர்தவல்லி. பொன்னுராஜ் அந்தப் பூசணிக்காயை ஓர் ஆட்டுக்குட்டி விலைக்கு ஏலம் எடுத்தான். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை, அவனே தன் கேள்விக்கு மேல் கேட்டுக்கொண்டு போனான். அமிர்தவல்லி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்று முதல் இவனுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

அமிர்தவல்லியின் அப்பா ஞானரத்தினம் ஐயா, வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்தவர். பஸ் ஏறிப் போய் அவரிடம் பெண் கேட்டேன். மனிதர் காப்பி கொடுத்து, உட்கார வைத்து, மரியாதையாகப் பேசினார்.

"சீர் செனத்தி பேச்செல்லாம் நமக்கு வேண்டாம், ஏசம்மா. எம் மக ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. அவ சொன்னதை அப்படியே சொல்லிருதேன். 'போர்டிங்குல முப்பது பிள்ளைகளைத் தெனமும் நாந்தான் எழுப்புறேன். முப்பத்தொண்ணாவதா ஒரு ஆம்பளைய எழுப்புறதுக்கு நான் கல்யாணம் கட்ட வேண்டாம். தானா எந்திரிக்கிறவுகளா இருந்தாப் போதும்'னு சொல்லுதா. உங்க தம்பி எப்படி?"

எத்தனையோ குணம் இருக்கிறது உலகத்தில். இதைத்தானா கேட்க வேண்டும்? எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒட்டிக்கொண்ட நாக்கு பிரிந்தபோது அதை நிறுத்த முடியவில்லை.

"அவனா? கோழி கூப்பிடுறதுக்கு முன்னால எந்திச்சிருவான் ஐயா. கிணத்துல பச்சத்தண்ணியில குளிச்சு, சத்தமா ஒரு பாட்டுப் பாடி, வேதம் வாசிச்சு, ஜெபம் பண்ணிட்டுத்தான் வாயில தண்ணி ஊத்துவான்."

எழுந்திருப்பான் என்பதோடு விட்டிருக்கலாம். குளியலையும் பாட்டையும் அவர் கேட்டாரா?

ஞானரத்தினம் ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சத்தமாப் பாடுவானா? அப்ப நல்லதாப் போச்சு. உங்க பக்கத்து வீட்டு அருளப்பன் நமக்கு ஒரு வகையில சொந்தம். அவங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். ஒண்ணும் அவசரமில்ல. ஈஸ்டர் கழியட்டும், முடிவு சொல்லுதேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மம்சாபுரம் விலக்கு வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. ஈஸ்டர் வரைக்கும் ஒவ்வொரு நாளும் விடியும் முன்னே அந்தச் சுவரைத் தாண்டி ஒரு பாட்டு கேட்டாக வேண்டும்.

பொன்னுராஜிடம் சொன்னேன். அவன் அழாத குறையாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளையில இருந்து பாருக்கா" என்றான்.

பார்த்தேன். முதல் சில நாட்கள் அவனை இழுத்து உட்கார வைத்து, கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், தலையில் நானே வாளியைக் கவிழ்த்தேன். வந்து பாடினான். கொசு பாடுகிற மாதிரி ஒரு குரல் அவனுக்கு. அதுவும் இரண்டாம் அடியில் தேய்ந்து மூன்றாம் அடியில் நின்றுபோகும். நின்றபடியே தூங்கியிருப்பான். முழங்காலிட்டால் அதோடு சரி, நாற்காலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரெண்டாம் சங்கு வரை பக்தியாகத் தூங்குவான். நான் இடையிடையே கிள்ளி, "ஆமென்" என்று சொல்ல வைப்பேன்.

பிறகு ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நெற்றி கொதித்தது. எழுப்ப மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் அண்ணாச்சி கண் விழித்து, தொண்டையைச் செருமி, பாட்டுக்குக் காத்திருப்பது தெரிந்தது. என்ன செய்வது? பொன்னுராஜின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். நானே பாடினேன்.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கனத்த குரல், ஆம்பிளைக் குரல். கோயிலில் நான் பாடினால் முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருதரம் எங்கள் ஐயரம்மா, சபைப் போதகரின் மனைவி, என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏசம்மா, நீ மனசுக்குள்ள பாடினாலும் ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார். அன்றிலிருந்து நான் வாயை மட்டும் அசைப்பேன். பல வருஷம் பூட்டிக் கிடந்த குரல் அன்று காலை வெளியே வந்தது. பயத்தில் இன்னும் கொஞ்சம் கனமாகவே வந்தது.

அன்று சாயங்காலம் அருளப்பண்ணாச்சி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி ஏசம்மா, உன் தம்பி இன்னைக்குத்தான் உருப்படியாப் பாடியிருக்கான். இத்தனை நாளும் என்னமோ மொனங்கிக்கிட்டுக் கெடந்தான். குரல் தெளிஞ்சிருச்சு."

முடிந்தது கதை. மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் அவன் எழுந்து அந்தக் கொசுக்குரலில் பாடினால் அண்ணாச்சி வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நானே துண்டைப் போட்டுக்கொண்டேன். அடுத்த நாளும் நான். அதற்கடுத்த நாளும் நான். கேட்கத்தானே போகிறார்கள், பார்க்கவா போகிறார்கள் என்று நினைத்தோம். பொன்னுராஜ் நிம்மதியாகப் போர்வைக்குள் போனான்.

அவனுக்காக நான் குளித்தேன். ஆம்பிளை மாதிரி இருமினேன், வாளியைத் தொப்பென்று போட்டேன். பாடினேன், வாசித்தேன், ஜெபித்தேன். வாசிப்புத்தான் உயிரை எடுத்தது. நான் படித்தது கொஞ்சம். எழுத்துக் கூட்டி ஒரு வசனத்தை முடிப்பதற்குள் வேர்த்துவிடும். அதையும் அண்ணாச்சி புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டார். "தம்பி ஒவ்வொரு எழுத்தா ருசிச்சு வாசிக்கான்" என்று தெருவெல்லாம் சொன்னார். அது எங்கள் சபை ஐயர் காதுக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், அதிகாலையில் எழும் வாலிபனுக்கு உதாரணமாகப் பொன்னுராஜின் பெயரைச் சொன்னார். சபையே திரும்பி அவனைப் பார்த்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணை மூடித் தியானிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இவன் பேருக்கு நான் உழைக்கிறேனே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் கழிந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். அது என்னை மேலும் எரிச்சல் படுத்தியது. எனக்கு அந்த நேரம் பிடித்துப் போயிருந்தது. கிணற்றடியில் கூட்டம் இல்லை, சண்டை இல்லை, கயிறும் வாளியும் என்னுடையவை. முதல் சங்கு ஊதும்போது கஞ்சி இறக்கி, வீடு கூட்டி முடிந்திருந்தது. பகலெல்லாம் தலை விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. எழுத்துக் கூட்டுவதும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒரு நாள் ஓர் அதிகாரம் முழுவதையும் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்துவிட்டு, நானா வாசித்தேன் என்று புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதையும் ஆம்பிளைக் குரலில் அழ வேண்டியிருந்தது.

ஒருதரம் அருளப்பண்ணாச்சி வீட்டோடு மம்சாபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாளைக்குப் பாட்டு கிடையாது, விடிந்த பிறகும் தூங்கலாம் என்று படுத்தேன். இருட்டிலேயே கண் திறந்துகொண்டது. புரண்டு பார்த்தேன். மூடிப் பார்த்தேன். கடைசியில் எழுந்து, குளித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்க ஆளே இல்லாத வீட்டைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடி முடித்தேன். அந்தத் துண்டு இல்லாமல் எனக்குப் பாட வராது என்று ஆகிவிட்டது. பொன்னுராஜ் குறட்டை விட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அது நடந்தது. ஞானரத்தினம் ஐயா யாரிடமும் சொல்லாமல் சாயங்கால பஸ்ஸில் வந்து அண்ணாச்சி வீட்டில் தங்கியிருக்கிறார். எனக்குத் தெரியாது. விடியுமுன் வழக்கம்போலப் பாட ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு உள்ளம் பூரித்துவிட்டது. எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தால் யாரும் கேட்காமலே உள்ளே வந்து கூட முழங்காலிடலாம். இந்த வழக்கத்தை நானோ பொன்னுராஜோ ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வந்த வழக்கம்!

கதவு திறந்தது. நான் தோளில் துண்டோடு, விளக்குக்கு முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாட்டின் மூன்றாம் அடியில் நின்றேன். என் காலடியில் மாப்பிள்ளை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. அதனால் பாடினேன். ஞானரத்தினம் ஐயாவும் பக்தியுள்ளவர், அதனால் முழங்காலிட்டார். நான் வாசித்தேன். ஜெபம் பண்ணினேன். அவருக்கு முன்னாலும் எனக்கு அந்தக் கனத்த குரல்தான் வந்தது, அதைத் தணித்துப் பேசுவது எப்படி என்று மறந்துபோயிற்று. அவர் "ஆமென்" என்றார். பொன்னுராஜ் கண்ணைத் திறக்காமல், "எந்திச்சிட்டேன்க்கா" என்றான்.

ஐயா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உங்க தம்பிக்கு எம் மக இல்ல, தாயி."

எனக்கு வந்ததே ஆத்திரம். பொய் சொன்னவள் நான், வெட்கப்பட வேண்டியவள் நான். ஆனால் வாய் வேறு வழியில் போயிற்று.

"அவன் குடிப்பானான்னு கேட்டீகளா? கை நீட்டுவானான்னு கேட்டீகளா? எம்புட்டு நல்ல பிள்ளை தெரியுமா அவன்? எந்திரிக்கிற நேரம் ஒண்ணுதானா மனுசனுக்கு அளவு?"

"அதை நீ எம் மககிட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பொன்னுராஜ் விஷயம் புரிந்து எழுந்து உட்கார்ந்தபோது ரெண்டாம் சங்கு ஊதிவிட்டது. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ஈஸ்டர் முடிந்து ஞானரத்தினம் ஐயா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். போர்டிங்கில் பிள்ளைகள் கூடிவிட்டார்களாம். கூடத் தங்கி, காலையில் எழுப்பி, ஜெபம் நடத்த ஒரு பெண் வேண்டுமாம். அமிர்தவல்லி என்னைக் கேட்டு அனுப்பியிருந்தாள்.

"இன்னொண்ணும் சொன்னா. அந்த அக்கா இல்லாத வீட்டுல அவிய தானா எந்திரிச்சாகன்னு என்னைக்காவது கேள்விப்பட்டா, அப்பப் பொறவு பேசலாம்னு சொன்னா."

நான் பொன்னுராஜைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் இன்னும் கதவைச் சாத்தவில்லை. இவன் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? நான் எழுந்திருப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

"நீ போயிட்டா என்னைய யாருக்கா எழுப்புவா?" என்றான்.

அவ்வளவுதான். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். டிரங்குப் பெட்டியில் சேலைகளை அள்ளிப் போட்டேன். "தூங்குலே, வேலை போகட்டும், வீடு போகட்டும், நல்லாத் தூங்கு" என்று சொல்லிவிட்டு அன்று மத்தியான பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும் வரை திட்டிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

போர்டிங்கில் என் குரலுக்கு நல்ல மரியாதை. "எந்திரிங்க பிள்ளைகளா" என்று ஒரே ஒரு தரம் சொன்னால் போதும், எல்லாப் பாயும் சுருண்டுவிடும். யாரும் என்னை மனசுக்குள் பாடச் சொல்லவில்லை. ஆனால் முதல் பாட்டு முடிந்து பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடியதும் அமிர்தவல்லி என் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"அக்கா, ராஜபாளையத்துல இந்நேரம் அவிய எந்திச்சிருப்பாகளா?"

கேலி மாதிரித்தான் கேட்பாள். ஆனால் பதில் வரும் வரை நகர மாட்டாள்.

"அவனா? ரெண்டாம் சங்குக்கு வேட்டியைத் தேடிக்கிட்டு இருப்பான்" என்பேன். அவள் சரி என்று போய்விடுவாள். மறுநாளும் வந்து கேட்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். இப்படி ஒருத்தி தினம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அங்கே அந்தத் தடியன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் அருளப்பண்ணாச்சி ஞானரத்தினம் ஐயா வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால், மனிதர் கோபத்தில் இருந்தார்.

"ஏட்டி, நீ போயிட்டா செத்த நேரம் கூடுதலாத் தூங்கலாம்னு இருந்தேன். கொஞ்ச நாள் வீடு கப்புன்னு கெடந்துச்சு. இப்ப மறுபடியும் விடியுறதுக்கு முன்னால பாட்டு! ஒரு நாள் தப்பாம பாட்டு! எனக்குத் தூக்கம் போச்சு. உன் தம்பிகிட்ட வந்து சொல்லு."

"பொன்னுராஜா பாடுதான்?" என்றேன். நான் நம்பவில்லை.

ஞானரத்தினம் ஐயா சிரித்தார். "ஏசம்மா இங்க இருக்கா. இந்தத் தடவை எவளைக் கூலிக்கு வச்சிருக்கானோ?"

அன்றே நானும் ஐயாவும் அண்ணாச்சியோடு புறப்பட்டோம். பொன்னுராஜுக்குச் சொல்லவில்லை. அண்ணாச்சி வீட்டிலேயே தங்கினோம். எனக்கு வழக்கமான நேரத்தில் விழிப்பு வந்தது. சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். ஐயாவும் வந்து உட்கார்ந்தார்.

கிணற்றுக் கயிறு கிரீச்சிட்டது. தண்ணீர் விழுந்தது. குளிரில் யாரோ "யப்பே" என்றார்கள். அது பொன்னுராஜ்தான். தீப்பெட்டி உரசுகிற சத்தம். பிறகு பாட்டு.

ஞானரத்தினம் ஐயா திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். இருட்டில் குனிந்து என் வாயையே பார்த்தார்.

"நீ பாடலயே?"

வாயைப் பொத்திக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என் குரல். அதே கனம், அதே இழுப்பு, இரண்டாம் அடியில் நான் மூச்சு வாங்குகிற அதே இடம்.

"காதால கேட்டு ஏமாந்தது போதும்" என்று ஐயா எழுந்தார். சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினோம். உள்ளே வேறு யாரும் இல்லை. பொன்னுராஜ் மட்டும் நின்றான். தலையில் தண்ணீர் சொட்டியது. பாய் சுருட்டி மூலையில் இருந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்தது. அந்தப் பழைய துண்டு அவன் தோளில் கிடந்தது. கண்ணை இறுக மூடி, மோவாயைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, தன் கொசுக்குரலை எங்கேயோ அடியில் தள்ளி, என் குரலை இழுத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் நின்றோம். பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. அவன் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான், பார்த்தான், துண்டை அவசரமாக இழுத்தான்.

"ஏலே," என்றேன். "உன் குரல்ல பாடினா என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ போன பொறவு முதல் சங்கு ஊதும், நீ கூப்பிடுவேன்னு கெடப்பேன். கூப்பிட மாட்டே. ரெண்டாம் சங்கும் ஊதிரும். மேனேஜர் ஏசினாரு, அதுக்கும் எந்திரிக்க வரல. உன் குரல் கேட்டாத்தான் எனக்கு முழிப்பு வரும்க்கா. நீதான் இல்லையே. அதான் ஒரு நாள் படுத்துக்கிட்டே உன் குரல்ல நானே கூப்பிட்டுப் பாத்தேன், 'ஏலே எந்திரி'ன்னு. எந்திச்சிட்டேன். வெறும் வீடு, சத்தமே இல்ல. பயமா இருந்துச்சு. அதனால பாட்டையும் உன் குரல்லயே பாடினேன். இப்பக் கூப்பிட வேண்டாம்க்கா. கண்ணு தானாத் தெறந்துக்கிடுது. பாட்டு மட்டும் அந்தக் குரல்லதான் வருது."

இத்தனை வருஷம் தொண்டை கிழிய எழுப்பியிருக்கிறேன், எழுந்திருக்கவில்லை. எழுப்ப நான் இருக்கிறேன் என்று படுத்திருக்கிறான். இதற்கு நான் யாரைப் போய்த் திட்டுவது? பக்கத்தில் போய் அந்த ஈரத் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தேன். பிறகு அதே துண்டால் துவட்டிவிட்டேன்.

முதல் சங்கு ஊதியது. பொன்னுராஜ் புரண்டு படுக்கிற நேரம் அது. கஞ்சியை இறக்கினான். ஞானரத்தினம் ஐயாவுக்கும் ஒரு கும்பாவில் ஊற்றி வைத்தான். அவர் குடித்து முடித்தார். "எம் மககிட்ட என்னன்னு சொல்ல? தானா எந்திரிக்கான்னு சொல்லவா, அக்கா எழுப்புதான்னு சொல்லவா?" என்று என்னிடமே கேட்டார்.

"பாத்ததைச் சொல்லுங்க" என்றேன். இனி ஒரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

போர்டிங்குக்குத் திரும்பியபோது அமிர்தவல்லி வாசலிலேயே நின்றாள். அவள் அப்பா நடந்ததைச் சொல்லச் சொல்ல, பூசணிக்காய் ஏலத்தில் கடித்த மாதிரி முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

மறுநாள் விடியுமுன் பிள்ளைகளை எழுப்பினேன், பாடினோம், அவர்கள் கிணற்றடிக்கு ஓடினார்கள். அவள் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன கேட்பாள் என்று தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"மதினி," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை, புருஷனின் அக்காளைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டாள். "அவிய சொந்தக் குரல் எப்படி இருக்கும்?"